காலையில் அந்தப் பள்ளம் இல்லை

அன்று காலை ரயிலில் வளர்மதி அக்கா ஏறவில்லை. நான் வேப்பம்பட்டில் ஏறுவேன். அவர் அடுத்த நிறுத்தமான திருநின்றவூரில் ஏறுவார். முழங்கால் வலியாக இருக்கும், விடுப்பு எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் குளிர்பதனக் கிடங்கில் வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். தேநீர் இடைவேளையில் வெளியே வந்து, கையுறையைக் கழற்றி, போனை எடுத்தேன். ஷிப்ட் வாட்ஸாப் குழுவில் சூப்பர்வைசரின் செய்தி இருந்தது. "வளர்மதி இடத்துக்கு நாளையிலிருந்து ஆள் வேண்டும். வரக்கூடியவர்கள் உடனே சொல்லவும்." ஏன் என்று யாரோ கேட்டிருந்தார்கள். அதற்குப் பதில் ஒரே சொல்: "எக்ஸ்பயர்ட்."

நாங்கள் ஐஸ்கிரீமும் உறைந்த பட்டாணியும் மீனும் அடுக்கிவைக்கிற ஆட்கள். பெட்டிகளின் மேல் அச்சடித்திருக்கும் அந்தச் சொல்லை ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம். தேதி போன சரக்கைத் தனியே ஒதுக்குவது எங்கள் வேலை. அக்காவைப் பற்றி அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. போனை வீசி எறிய வேண்டும்போல் இருந்தது. செய்திகளின் வரிசையையும் கவனியுங்கள். முதலில் மாற்று ஆள், பிறகுதான் மரணம்.

அவருடன் வேலை செய்த பலருக்கே அவர் யார் என்று தெரியாது. அதனால் சொல்கிறேன். வளர்மதி அக்கா பனிச்சறுக்குப் பந்தய வீராங்கனை. மலைச்சரிவில் சிவப்பும் நீலமுமாகத் துணி கட்டிய கம்பங்களை நட்டு வைத்திருப்பார்கள். காலில் நீண்ட பலகைகளை மாட்டிக்கொண்டு, அந்தக் கம்பங்களுக்கு ஊடே வளைந்து வளைந்து, ஒன்றைக்கூடத் தவறவிடாமல் கீழே வர வேண்டும். அந்தப் பந்தயத்தில் பெண்களுக்கான தேசியப் பட்டத்தை ஒரு முறை அல்ல, பல குளிர்காலங்கள் தொடர்ந்து வென்றவர் அவர். அப்பா அம்பத்தூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் சுமை தூக்கியவர். தாத்தா, பாட்டி காலத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அந்த நிலமெல்லாம் இப்போது மனைகள். பனியை டிவியில்கூடச் சரியாகப் பார்த்திராத வீட்டிலிருந்து போனவர்.

எப்படிப் போனார் என்பதே ஒரு கூத்து. கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்தார். வடக்கே ஒரு பனிமலை முகாமுக்குத் தெற்கிலிருந்து ஒரு பெண்ணாவது வந்தாக வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. மற்ற பெண்களின் வீடுகளில் அனுப்ப மாட்டோம் என்றார்கள். அக்கா வீட்டில் யாரும் அனுமதிக் கடிதத்தைப் படிக்கவில்லை. ஆவடிக்குப் போய்வருவதாக நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். "ஐஸ் பொட்டியத் தொறந்து என்னைய உள்ள வுட்டு மூடிட்ட மாதிரி இருந்துச்சி," என்று அந்த முதல் காலையைப் பற்றிச் சொல்வார். "மொத நாள் முழுக்க வுழுந்துகினே இருந்தேன். ரெண்டாம் நாளு எப்டி வுழறதுன்னு தெரிஞ்சிபோச்சி. வுழத் தெரிஞ்சா அப்புறம் இன்னா பயம்?"

முகாம் முடிந்தும் அந்த மலையை அவர் விடவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் அங்கே ஒரு விடுதிச் சமையலறையில் பாத்திரம் தேய்த்து, மதியத்தில் சறுக்கப் பழகினார். மற்றவர்களின் பழைய பலகைகளில் ஓடித்தான் முதல் பதக்கத்தை வாங்கினார். ஊரில் ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்ததாம். சால்வை போட வந்த பெரிய மனிதர், "நம்ம பகுதியின் நீச்சல் வீராங்கனை" என்று பேசியிருக்கிறார். யாரும் திருத்தவில்லை. அக்காவும் திருத்தவில்லை. "ஏங்க்கா சும்மா இருந்தீங்க?" என்று கேட்டேன். "சால்வை நல்ல சால்வைடி," என்றார்.

எனக்கு அவர் பழக்கமானது ரயிலில். பெண்கள் பெட்டியில் கதவோரம் கண்ணை மூடி நிற்பார். வலது கை மட்டும் மார்புக்கு முன்னால் மீன் நீந்துவதுபோல இடமும் வலமும் வளைந்து இறங்கிக்கொண்டிருக்கும். உடம்பும் லேசாகச் சாயும். ஒரு நாள் பூக்கூடையோடு வந்த அம்மா பயந்துபோய்க் கத்தினார்.

"யம்மா, இந்தப் பொண்ணுக்கு சாமி வர்து. கொஞ்சம் எடம் வுடுங்க."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "சாமி இல்லக்கா. பாதி மலையில கீறேன். எறங்கிட்டு வந்து பேசறேன்."

"இன்னாது, மலையா? இது பட்டாபிராம் கண்ணு."

பெட்டியே சிரித்தது. அவர் கண்ணைத் திறந்தபோது பூக்காரம்மா ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி அவர் கையில் வைத்தார். "பாத்து எறங்கும்மா," என்றார்.

அன்றுதான் அக்கா எனக்கு அதை விளக்கினார். பந்தயத்துக்கு முன்பு வீரர்களை ஒரே ஒரு முறை தடத்தைப் பார்க்க விடுவார்கள். கம்பம் கம்பமாக நின்று மெதுவாக இறங்கி, எங்கே பனி கட்டியாக இருக்கிறது, எங்கே சரிவு மறைந்து திடீரென்று விழுகிறது என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். பிறகு கண்ணை மூடிக் கையால் அந்தத் தடத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். பந்தயத்தில் யோசிக்க நேரம் கிடையாது. கண் பார்ப்பதற்குள் கால் போயிருக்கும். மனத்தில் இருக்கும் தடத்தை நம்பித்தான் உடம்பை விட வேண்டும். "அதனாலதான் ஒரு ரூல் கீது," என்றார். "நாங்க பாத்துட்டுப் போனப்புறம் ஒரு கம்பத்தைக்கூட நகர்த்தக் கூடாது. நகர்த்தணும்னா எல்லாரையும் கூப்ட்டு சொல்லணும். சொல்லாம நகர்த்தினா அது பந்தயம் இல்ல. கொலை."

அந்த விதியை மலையில் மதித்தார்கள். மலைக்கு வெளியே யாரும் மதிக்கவில்லை. வெளிநாட்டில் நடக்கும் பெரிய பந்தயத்துக்கு அணி தேர்வு செய்தபோது, இரண்டு தகுதிப் போட்டிகளில் முதலாவதாக வருபவர் போகலாம் என்று சொன்னார்கள். அக்கா இரண்டிலும் முதல். சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது, ஏற்கெனவே வெளிநாட்டில் பந்தயம் ஓடிப் புள்ளி வாங்கியவர்கள்தான் போக முடியும் என்று புதிதாகச் சொன்னார்கள். வெளிநாடு போகாமல் புள்ளி இல்லை. புள்ளி இல்லாமல் வெளிநாடு இல்லை. சொந்தச் செலவில் ஐரோப்பாவில் குளிர்காலத்தைக் கழிக்கக்கூடிய வீட்டுப் பெண் ஒருத்தி போனாள். அவளைக் குறை சொல்லி அக்கா ஒரு வார்த்தை பேசியதில்லை. "அவ நல்லாத்தான் ஓடுவா. கம்பத்தை நகர்த்தினது அவ இல்ல," என்பார். எனக்கு அந்தப் பெருந்தன்மை வராது. யாருக்காக நகர்த்தினார்கள் என்பது எனக்குத் தெரியும். யாருக்காக எப்போதும் நகர்த்துகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

அடுத்த ஆண்டே இடது முழங்கால் போயிற்று. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஊருக்கு வந்து கிடங்கில் சேர்ந்தார். மற்றவர்கள் உறை அறைக்குள் போகப் பயப்படுவார்கள். அவர் மட்டும் ஜாக்கெட்டின் ஜிப்பை ஏற்றிக்கொண்டு சிரித்தபடி போவார். "இங்கதான் எனுக்கு ஊடு மாதிரி கீது." அந்தச் சிரிப்பைப் பார்த்து, இந்த வேலை அவருக்குப் பிடித்திருக்கிறது என்று சூப்பர்வைசர் முடிவு செய்துவிட்டார். அதனால் உறை அறை வேலையெல்லாம் அவர் தலையில்தான்.

ஆனால் அவர் ஓய்வு பெறவில்லை. இதையும் உங்களில் பலர் அறியமாட்டீர்கள். இந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் தகுதிப் போட்டிக்குப் போவதற்கு அவர் தயாராகிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வயதில், திருகாணி வைத்த முழங்காலோடு. ஒரே ஒரு முறை ஓட வேண்டும், தோற்றாலும் பனியில் தோற்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. எங்கள் பகுதியில் ரயில்பாதைக்கு இரண்டு பக்கமும் ஏறி, நடுவில் சேராமல், பல வருடமாக வானத்தைப் பார்த்து நிற்கும் மேம்பாலம் ஒன்று இருக்கிறது. வண்டிகளுக்கு உதவாத அந்தப் பாலத்தின் சரிவுதான் அவருடைய மலை. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பெயின்ட் வாளிகளில் மண்ணை நிரப்பி, சவுக்குக் கம்புகளை நட்டு, ஒன்றில் சிவப்பு, அடுத்ததில் நீலம் என்று துணி கட்டுவோம். சக்கரம் வைத்த காலணியை மாட்டிக்கொண்டு மேலேயிருந்து வருவார். வாளிகளைத் தூக்குவது என் வேலை.

ஒரு முறை பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் மூன்று பேர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமே, அங்க பாரு. அந்தக்கா வண்டியே இல்லாம வர்து."

"நீ குடிச்சது போதும், கீழ வை."

"சத்தியமா மாமே. வளைஞ்சி வளைஞ்சி வர்து."

அக்கா கடைசிக் கம்பத்தைக் கடந்து அவர்கள் முன்னால் வந்து நின்றார். "அண்ணாத்தே, பாட்டிலை ஓரமா வெய்யி. ஒடஞ்சா என் சக்கரம் போய்டும்."

அவர்கள் எழுந்து, பழைய கண்ணாடித் துண்டுகளைக்கூடப் பொறுக்கி ஓரத்தில் போட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து நாங்கள் போவதற்குள் பாலம் பெருக்கியிருக்கும். இந்த ஊரில் அவருடைய ஆட்டத்துக்குத் தடம் சுத்தம் செய்து கொடுத்தவர்கள் அந்த மூன்று பேர்தான். எந்த அமைப்பும் இல்லை, எந்தத் துறையும் இல்லை.

இனி அவருடைய ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த அஞ்சலியை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

வளர்மதி அக்கா ஸ்கூட்டர் ஓட்டினால் சைக்கிள்கள் முந்திப்போகும். நான் மிகைப்படுத்தவில்லை. அவர் பின்னால் உட்கார்ந்து பல முறை போயிருக்கிறேன். தக்காளி ஏற்றிய மூன்று சக்கர வண்டிக்காரர் ஒருவர் எங்களை முந்திக்கொண்டே, "யக்கா, வண்டியத் தள்ளிகினு வரீங்களா, ஓட்டிகினு வரீங்களா?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கொஞ்சம் வேகமாப் போங்கக்கா. நீங்களா சாம்பியன்?"

"மலையில வுழுந்தா பனி புடிச்சிக்கும்டி. கீழ ஆம்புலன்ஸோட ஆளு நிப்பான். இங்க வுழுந்தா எவன் புடிப்பான்?" என்றார். "வேகம்னா இன்னான்னு தெரிஞ்சவ ரோட்ல வேகமா போவ மாட்டா."

காலையில் ரயில் நிலையத்துக்கு வரும்போது சாலையைத் தடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே வருவார். எங்கே ஜல்லி பெயர்ந்திருக்கிறது, எந்தச் சாக்கடை மூடி ஆடுகிறது, எந்த வளைவில் மணல் கிடக்கிறது எல்லாம் அவருக்குத் தெரியும். மாலையில் திரும்பும்போது அந்த மனப்பாடத்தை நம்பி ஓட்டுவார்.

அவர் விழுந்த அன்று காலையில் ஏரிக்கரைச் சாலையில் பள்ளம் இல்லை. பகலில் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். யார் தோண்டினார்கள் என்று இதுவரை எந்தத் துறையும் ஒப்புக்கொள்ளவில்லை. தடுப்பு இல்லை, விளக்கு இல்லை. பிற்பகலில் மழை பெய்தது. பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி, சாலையோடு சாலையாகச் சமமாகிவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் அக்கா வேலை முடிந்து, ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் செய்தி பார்த்து நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தெரு முனையில் பேனர் கட்டிவிட்டார்கள். எங்கள் பகுதியில் உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கண்ணீர் அஞ்சலி பேனர் வந்துவிடும். அக்காவின் தம்பி சேகர் ஆட்டோ ஓட்டுபவர். அழுதுகொண்டே பேனர் கடைக்காரரிடம், "எங்கக்கா பனிச்சறுக்கு சாம்பியன், அதப் போடு," என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் இணையத்தில் தேடி ஒரு படத்தை எடுத்துப் போட்டுவிட்டார். தலைக்கவசம், முகத்தை மறைக்கும் கண்ணாடி, உடம்பையெல்லாம் மூடிய உடை. எந்த நாட்டுப் பெண்ணோ, தரையைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து பனியைப் பீய்ச்சியடித்துக்கொண்டு பறக்கிறாள். கீழே அக்காவின் பெயர். சுற்றிலும் வட்டத்துக் கட்சிப் பிரமுகர்களின் முகங்கள். அவை மட்டும் தெளிவாக இருந்தன.

அக்காவின் அம்மா அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது யாருடா?"

"அக்காதாம்மா."

"நம்ம வளரு இம்மாம் ஒசரம் இல்லியே."

"ஹெல்மெட் போட்டா அப்டித்தாம்மா தெரியும்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். அம்மா நம்பவில்லை.

விசாரிக்க வந்த எஸ்.ஐ. அந்தப் பேனரின் முன்னால்தான் பைக்கை நிறுத்தினார். படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இவங்கதானா? இப்படித்தான் வருவாங்களா?"

சேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். வாழ்நாளில் முதல் முறையாகக் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் அவருடைய அக்காவின் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறார். அந்தப் பெருமையில் சொல்லிவிட்டார். "இதவிட ஸ்பீடா வருவா சார். கார்லாம் நிக்காது எங்கக்கா முன்னாடி. பயமே கெடையாது சார் அவளுக்கு."

எஸ்.ஐ. தலையாட்டினார். வழக்கில் என்ன எழுதினார்கள் என்பது மறுநாள் தெரிந்தது. வாகனத்தை அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டியதால் தானே விழுந்து இறந்தார். பள்ளம் என்ற சொல்லே அதில் இல்லை. உயிரோடிருந்தவரை அவரைச் சாம்பியன் என்று எந்த அரசு அலுவலகமும் ஏற்றுக்கொள்ளவில்லை. முதன்முதலாக ஏற்றுக்கொண்டது, அவர் சாவுக்கு அவரே காரணம் என்று எழுதுவதற்காகத்தான்.

நானும் சேகரும் காவல் நிலையத்துக்குப் போனோம்.

"அவங்க விழுந்ததை நீங்க பாத்தீங்களா?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"இல்ல சார். ஆனா அவங்க எப்படி ஓட்டுவாங்கன்னு தெரியும். பின்னாடி உக்காந்து போயிருக்கேன்."

"அது சாட்சி ஆகாதும்மா. சொந்தத் தம்பியே ஸ்பீடுன்னு சொல்லியிருக்காரு."

"அது பனியில சார்."

"பனியோ ரோடோ, பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

வெளியே வந்ததும் சேகர் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். தன் வண்டியில் தானே சவாரிபோல. "என் வாயாலயே எங்கக்காவ எழுதிக் குட்த்துட்டேன்," என்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை. அவர் செய்தது தவறு என்றும் நினைக்கவில்லை. அக்காவைப் பற்றிப் பெருமையாகப் பேச இத்தனை வருடமும் ஒரு வாய்ப்பு கொடுக்காத ஊர், சாவு வீட்டில் வந்து கேட்டது. அவர் பேசிவிட்டார்.

ஆகவே இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன். உங்களில் பலர் அவருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். சீக்கிரம் ஓட்டச் சொல்லித் திட்டியவர்கள். ரயிலைத் தவறவிட்டு அவர்மேல் கோபப்பட்டவர்கள். தக்காளி வண்டிக்காரரை நான் தேடிப் பிடித்துவிட்டேன், அவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அன்று காலையில் அந்தச் சாலை வழியாகப் போனவர்கள், பள்ளம் இல்லாததைப் பார்த்தவர்கள், மாலையில் இருந்ததைப் பார்த்தவர்கள் வாருங்கள். போலீஸ் மேலதிகாரியிடம் மனு கொடுக்கப் போகிறோம். ஒரு பூமாலை வாங்கிப் போடும் நேரம்தான் ஆகும். பேனரில் இருப்பவள் அவரில்லை, அந்த வேகமும் அவருடையதில்லை என்று சொல்ல ஆட்கள் வேண்டும். அவர் எத்தனை மெதுவாகப் போனார் என்பதுதான் இப்போது அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே பட்டம். அதையும் பறித்துக்கொள்ள விடக் கூடாது.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் அக்காவின் அம்மா ஒரு துணிப்பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே பாலத்தில் நாங்கள் கட்டும் துணிகள், பாதி சிவப்பு, பாதி நீலம். மலையிலிருந்து அக்கா கொண்டுவந்தவை. வெயிலில் வெளுத்தவை. "இதுல எனுக்கு இன்னா தைக்கத் தெரியும், நீயே வெச்சிக்கோ," என்றார்.

சடங்கு முடிவதற்கு முன்பே அந்தப் பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். சாட்சியை மூடுவதில் மட்டும் எங்கள் ஊரில் வேலை தாமதமாவதில்லை. அடுத்த மழைக்கே மண் உள்வாங்கியது. மறுபடியும் தண்ணீர் நின்றது, மறுபடியும் சாலைபோலவே தெரிந்தது.

அக்காவின் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பைதான். நேற்று வேலைக்குப் போவதற்கு முன் ஏரிக்கரைச் சாலைக்குப் போனேன். பாலத்தடியில் நாங்கள் போட்டுவைத்திருந்த சவுக்குக் கம்பு ஒன்றில் சிவப்புத் துணியைக் கட்டி, அந்தத் தண்ணீருக்கு நடுவில் ஆழமாக ஊன்றினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பள்ளிக்கூட வேன், பால் வண்டி, இரண்டு பைக்குகள், ஒரு ஷேர் ஆட்டோ. எல்லாம் அந்தக் கம்பத்தைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, வளைந்து, கடந்து போயின.

சற்றுத் தள்ளி, வளைவுக்கு அப்பால், இன்னொரு பள்ளம் இருக்கிறது. அதற்கு நீலம்.